லாபக் கணக்கும் முதல் போட்டவர்களும்

ஒரு கம்பெனி ஒரு மாதத்தில் விற்ற வண்டிகளுக்கு இரண்டு கணக்குகள் இருக்க முடியுமா? 2025-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் இருந்தன. கிருஷ்ணகிரி ஜில்லாவில், போச்சம்பள்ளிப் பக்கத்தில் பெரிய தொழிற்சாலை வைத்து மின்சார ஸ்கூட்டர்கள் செய்துவரும் ஓலா எலக்ட்ரிக் கம்பெனி, அந்த மாதத்தில் 25,000-க்கு மேற்பட்ட வண்டிகளை விற்றதாக அறிவித்தது. மத்திய சர்க்காரின் 'வாகன்' பதிவேட்டிலோ, அதே மாதத்தில் அக்கம்பெனியின் வண்டிகளாகப் பதிவானவை 8,600 சொச்சமே. மத்திய சர்க்காரின் கனரகத் தொழில் இலாகாவும் சாலைப் போக்குவரத்து இலாகாவும் விளக்கம் கேட்டன. வண்டிகளைப் பதிவு செய்து கொடுக்கும் ஏஜென்ஸிகளுடன் செய்துகொண்ட ஒப்பந்தங்களை மாற்றி அமைத்து வருவதால் பதிவு தாமதப்பட்டது என்றும், இது தற்காலிகமான தேக்கமே என்றும் கம்பெனியார் பதிலளித்தனர். ஆர்டர் உறுதியாகியும் இன்னும் வாங்கியவர் கைக்குப் போய்ச் சேராத புது மாதிரி வண்டிகளும் அந்த 25,000-த்தில் அடங்கியிருந்தன என்ற தகவல் பிற்பாடு வெளிவந்தது.

இவ்விஷயத்தில் எவர்மீதும் குற்றம் சாட்டுவது நமது நோக்கமன்று. விசாரிப்பதற்கு அதிகாரம் படைத்தவர்கள் இருக்கிறார்கள். மாதந்தோறும் கம்பெனிகள் சொல்லும் விற்பனைத் தொகை வேறு, ஐந்தொகையில் ஏறும் வருமானம் வேறு என்பதையும் நேயர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். 2018 ஏப்ரல் முதல் அமுலில் இருக்கும் கணக்கு நியமப்படி, சரக்கின்மீது உள்ள ஆதிக்கம் வாங்குபவரிடம் மாறிய பிறகே அதன் கிரயத்தை வருமானமாக எழுத முடியும். ஆகவே 'விற்றோம்' என்று பத்திரிகைக்குச் சொல்வதாலேயே அது லாபக் கணக்கில் ஏறிவிடுவதில்லை. ஆனால் பங்கு வாங்குகிறவன் எதைப் பார்த்து வாங்குகிறான்? மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும் கணக்கைப் பார்த்தா, மாதம் பிறந்ததும் வரும் அறிக்கையைப் பார்த்தா? நாம் ஆராய விரும்புவது இந்தக் கேள்வியைத்தான். கம்பெனி நிர்வாகிகள் எண்களுக்கு ஒப்பனை செய்யும்போது, முதல் போட்டவர்கள் அதை எப்படி ஏற்கிறார்கள், எப்போது ஏமாறுகிறார்கள், எப்போது சினங்கொள்கிறார்கள்?

ஓசூரைப் பற்றி நமது நேயர்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. அரை நூற்றாண்டுக்கு முன்பு, ராகி வயலும் தைல மரமும் கண்ட பூமியில், சிப்காட் நிறுவனம் தொழிற்பேட்டை வகுத்தது. அசோக் லேலண்டு வந்தது, டி.வி.எஸ். மொபெட்டு வந்தது, டைட்டன் கைக்கடிகாரம் வந்தது. இப்போது ஏதர் கம்பெனியும் ஓலா கம்பெனியும் மின்சார வண்டி செய்கின்றன. கர்நாடக எல்லை கூப்பிடு தூரம். பெங்களூர் ஒரு மணி நேரப் பிரயாணம். மூலதனமும் நிர்வாகமும் எல்லைக்கு அப்பால். உலையும் உழைப்பும் எல்லைக்கு இப்பால் என்பதே இப்போது இவ்வட்டாரத்தின் அமைப்பாக இருக்கிறது.

இங்கே லேத்துப் பட்டறை நடத்துகிறவரும், உதிரி பாகம் செய்து கொடுக்கிறவரும், ஷிப்டு முடிந்து பஸ் ஏறுகிற தொழிலாளியும், முன்போல் கம்பெனியிடம் கூலியும் கிரயமும் பெறுவதோடு நிற்பதில்லை. கைபேசியிலேயே பங்கும் வாங்குகிறார்கள். தேசம் முழுவதிலும் 2020 மார்ச்சில் சுமார் 4 கோடியாக இருந்த பங்குக் கணக்குகள் 2025 மார்ச்சில் 19 கோடிக்கு மேல் போய்விட்டன. ஐந்து வருஷத்தில் பங்குச் சந்தைக்குள் வந்த இந்தப் புதுக் கூட்டத்தில் ஐந்தொகையைப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? தாம் வேலை செய்யும் கம்பெனியின் பங்கையே வாங்கியவனுக்குக் கஷ்டம் இரட்டிப்பாகிறது. கம்பெனி நொடித்தால் சம்பளமும் போகும், சேமிப்பும் போகும். ஆகையால் லாபக் கணக்கு என்பது பம்பாய்த் தரகர்களுக்கு மட்டும் உரிய விஷயம் என்று ஓசூர்வாசி ஒதுங்கி நிற்க இயலாது.

லாபம் என்பது எண்ணிப் பார்த்து எடுக்கும் நாணயமன்று. பல ஊகங்களின்மீது நிற்கும் ஒரு மதிப்பீடு. இதைத் தெரிந்துகொண்டால் பாதி மயக்கம் தீரும். ஒரு கம்பெனி இன்று ஒரு ஸ்கூட்டரை விற்கிறது. பாட்டரிக்கு எட்டு வருஷம் உத்தரவாதம் தருகிறது. (ஓலா கம்பெனி 2024-ல் 8 வருஷம் அல்லது 80,000 கிலோமீட்டர் என்று அறிவித்தது நினைவிருக்கலாம்.) ஏழாவது வருஷத்தில் எத்தனை பாட்டரிகள் பழுதாகும், ஒவ்வொன்றுக்கும் என்ன செலவாகும் என்பதை இன்றைக்கே ஊகித்து, அதற்கு இன்றைய வருமானத்திலிருந்தே ஒரு தொகையை ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது விதி. நூற்றுக்கு இரண்டு வண்டி பழுதாகும் என்று ஊகித்தால் லாபம் கொழுக்கும். நான்கு என்று ஊகித்தால் மெலியும். எது சரியென்று இன்று அடித்துச் சொல்ல எவராலும் முடியாது. ஆடிட்டர் வந்து கேட்டாலும், 'எங்கள் இஞ்சினீயர்களின் அபிப்பிராயம் இது' என்று நிர்வாகி சொன்னால், அதை மறுக்க அவர் கையில் என்ன ஆதாரம் இருக்கிறது? புதுத் தொழிலாதலால் பழைய அனுபவமும் இல்லை.

இது வெறும் கற்பனைக் கஷ்டமன்று. 2025 மார்ச்சோடு முடிந்த மூன்று மாதங்களில் ஓலா கம்பெனி காட்டிய நஷ்டம் ரூ. 870 கோடி. முதல் இரண்டு தலைமுறை வண்டிகளின் உத்தரவாதத்துக்காக அதிகப்படியாக ஒதுக்கிய ரூ. 250 கோடியும் அதில் அடக்கம். முன் வருஷங்களில் விற்ற வண்டிகளுக்குரிய செலவின் ஒரு பகுதி இந்த வருஷத்தின் தலையில் வந்து விழுந்தது என்பதே இதன் பொருள். முன் வருஷத்து ஊகம் நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டதாகவே இருக்கலாம். அப்படியல்ல என்று சொல்ல நம்மிடம் ஆதாரம் இல்லை. ஆனால் முன் வருஷத்து எண்ணை நம்பி முன் வருஷத்தில் பங்கு வாங்கியவனுக்கு, எண்ணம் நல்லதா கெட்டதா என்பதால் ஆகப் போவது என்ன?

உத்தரவாதம் ஒரு வழிதான். யந்திரத்தின் ஆயுளைப் பத்து வருஷம் என்பதற்குப் பதில் பதினைந்து என்று எழுதினால் தேய்மானம் குறையும். ஆராய்ச்சிக்கு ஆன செலவைச் செலவாக எழுதாமல் சொத்தாக எழுதலாம். வராக் கடனை இன்னும் ஒரு காலாண்டு வரும் கடனாகவே வைத்திருக்கலாம். மார்ச்சு 31-ந் தேதிக்குள் டீலர்களின் கிடங்கில் சரக்கைத் தள்ளிவிட்டு, ஏப்ரலில் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். கடைசியில் சொன்னது மோசடியை ஒட்டிய காரியம். முதலில் சொன்னவை பெரும்பாலும் சட்டத்துக்கு உட்பட்டவை. எங்கே சாமர்த்தியம் முடிந்து பொய் தொடங்குகிறது என்பதற்கு எல்லைக் கல் நட்டு வைக்கவில்லை. ஜூஜுவாடியில் இரு ராஜ்யங்களின் எல்லை எங்கென்று பலகை பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். கணக்கில் அப்படிப் பலகை இல்லை.

எல்லை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 1997-ல் பர்க்ஸ்டாலர், டிச்செவ் என்ற இரண்டு பேராசிரியர்கள் அமெரிக்கக் கம்பெனிகளின் லாப நஷ்டங்களை வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். சொற்ப லாபம் காட்டிய கம்பெனிகள் இருக்க வேண்டிய அளவுக்கு மேல் இருந்தன. சொற்ப நஷ்டம் காட்டியவை இருக்க வேண்டிய அளவுக்குக் குறைவாக இருந்தன. பூஜ்யம் என்ற கோட்டுக்குச் சற்றுக் கீழே விழ வேண்டியவர்கள் எப்படியோ சற்று மேலே வந்து நின்றார்கள் என்று சொல்ல வேண்டியதுதான். கோடு கிழித்த இடத்தில் எல்லாம் இது நடக்கும். நமது ஜில்லாவிலேயே பார்த்தோம். மின்சார வண்டிக்குத் தொழிற்சாலை விலை ரூ. 1½ லக்ஷத்துக்குள் இருந்தால்தான் மான்யம் என்று மத்திய சர்க்கார் கோடு கிழித்தார்கள். சார்ஜருக்குத் தனி விலை, வண்டிக்குத் தனி விலை என்று பில் எழுதப்பட்டது. ஆட்சேபம் கிளம்பிய பிறகு, 2023-ல் ஓலா, ஏதர், டி.வி.எஸ்., ஹீரோ ஆகிய கம்பெனிகள் சார்ஜர் பணத்தை வாங்கியவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க இசைந்தன. நான்கில் மூன்று கம்பெனிகள் கிருஷ்ணகிரி ஜில்லாவில் வண்டி செய்பவை. இது லாபக் கணக்கு அல்லவே என்று சொல்லலாம். கோட்டுக்குத் தக்கபடி எண்ணை மடிக்கும் மனோபாவம் ஒன்றுதான் என்கிறோம்.

நிர்வாகிகளே இதை ஒளிக்கவில்லை. 2005-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், அமெரிக்காவில் 400-க்கு மேற்பட்ட கம்பெனிகளின் நிதி அதிகாரிகளிடம் கேட்டபோது, லாபம் ஏற்ற இறக்கமின்றிச் சீராகத் தோன்றுவதற்காகக் கம்பெனியின் உண்மை மதிப்பில் ஓரளவை இழக்கவும் தயார் என்று நூற்றுக்கு 78 பேர் சொன்னார்கள். உண்மையில் பிரயோஜனமுள்ள செலவைத் தள்ளிப் போட்டாவது, காலாண்டு எண் அழகாக வர வேண்டும்! ஏன் இந்த வெறி? எண் பிசகினால் பங்குக்காரர்கள் தண்டிப்பார்கள் என்ற பயந்தான். ஆக, ஒப்பனை செய்பவர் நிர்வாகியானாலும், ஒப்பனையைக் கேட்பவர் முதல் போட்டவரே என்றாகிறது. பாட்டாளியின் ஸ்திதி வேறு. அவன் கேட்கவில்லை, ஆனால் விலை கொடுக்கிறான். தள்ளிப் போட்ட செலவு பெரும்பாலும் பட்டறைப் பாதுகாப்பும் பயிற்சியும் பழுது பார்ப்புமாகத்தானே இருக்கும்?

முதல் போட்டவர்களுக்கு ஒப்பனை தெரிகிறதா? பேராசிரியர் ரிச்சர்ட் ஸ்லோன் 1996-ல் இதை ஆராய்ந்தார். லாபத்தில் ஒரு பகுதி கைக்கு வந்த ரொக்கம். மற்றொரு பகுதி கணக்கெழுத்தால் பிறந்தது. இரண்டாவது பகுதி அதிகமாயிருந்தால் அந்த லாபம் நிலைப்பதில்லை. ஆனால் சந்தை இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தது. எழுத்து லாபம் மிகுந்த கம்பெனிகளின் பங்குகள் பின்னால் சரிந்தன. அதாவது, இரண்டையும் பிரித்தறிவதற்கான விவரங்கள் அச்சான கணக்கிலேயே இருந்தும், பங்குக்காரர்கள் கடைசி வரியை மட்டும் பார்த்தார்கள். தெரியாமல் மறைத்த ரகசியம் ஒன்றும் அங்கே இல்லை. பக்கத்துப் பக்கத்தில் இருந்தது. எவரும் பக்கத்தைத் திருப்பவில்லை.

இங்கேயும் அதே கதைதான். 2024 ஆகஸ்டில் ஓலா கம்பெனி ரூ. 76 வீதம் பங்குகளை வெளியிட்டு ரூ. 6,000 கோடிக்கு மேல் திரட்டியது. அதற்கு முந்தின கணக்கு வருஷத்தில் கம்பெனியின் நஷ்டம் ரூ. 1,584 கோடி என்பது பத்திரத்திலேயே அச்சாகியிருந்தது. இரண்டு வாரத்துக்குள் பங்கு விலை ரூ. 150-ஐத் தாண்டியது. 2025 மார்ச்சில், முதலில் நாம் சொன்ன விவகாரத்தின் நடுவில், ரூ. 60-க்குக் கீழே கிடந்தது. 2025 ஜூலை 14-ந் தேதி கம்பெனி முதற் காலாண்டுக் கணக்கை வெளியிட்டது. வருமானம் ரூ. 828 கோடி, முன் வருஷத்து அதே காலாண்டில் வந்ததில் ஏறக்குறையப் பாதி. நஷ்டம் ரூ. 428 கோடி, முன் வருஷம் ரூ. 347 கோடியாக இருந்தது. வருமானம் பாதியாகி நஷ்டம் ஏறியிருக்கிறது. அன்று பங்கு விலை என்னவாயிற்று? நூற்றுக்கு 18 அளவு உயர்ந்தது! முந்தின காலாண்டைவிட நஷ்டம் குறைவு என்பதும், வண்டித் தொழிலில் மட்டும், அதுவும் வட்டி, வரி, தேய்மானம் இவற்றைக் கழிக்கு முன்பு, ஜூன் மாதத்தில் லாபம் தென்பட்டது என்பதும் காரணங்களாம். எல்லா எண்களையும் கம்பெனி வெளியிட்டே இருந்தது. அதில் மறைவு ஏதுமில்லை. எந்த எண்ணை முன்னால் வைப்பது, எதைப் பின்னால் வைப்பது என்பதில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. அதற்குச் சந்தை செவி சாய்த்தது.

எந்த எண் என்பது மட்டுமன்று, யாருக்கு முதலில் என்பதும் உண்டு. 2024 டிசம்பர் 2-ந் தேதி, கடைகளின் எண்ணிக்கையை 4,000-ஆகப் பெருக்கப் போவதாக ஓலா கம்பெனியின் தலைவர் காலை 10 மணிக்குச் சற்று முன்பே எக்ஸ் என்ற சமூக வலைத்தளத்தில் அறிவித்துவிட்டார். பங்குச் சந்தைகளுக்குத் தகவல் போனது பிற்பகல் ஒன்றரை மணிக்கு மேல். இதற்காக 2025 ஜனவரியில் செபி எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. எச்சரிக்கை தவிர வேறு தண்டனை இல்லை. மூன்றரை மணி நேரந்தானே என்று சிலர் நினைக்கலாம். காலை 9¼ மணிக்குத் திறந்து மாலை 3½ மணிக்கு மூடும் சந்தையில் மூன்றரை மணி நேரம் என்பது பாதி நாளுக்கு மேல்.

ஒப்பனை கலைந்த பிறகு சந்தையின் சுபாவம் முற்றிலும் மாறிவிடுகிறது. முன்பு கண்ணை மூடிக்கொண்டிருந்தவர்கள் அப்போது தவற்றின் அளவுக்குத் தண்டிப்பதோடு நிற்பதில்லை. பல மடங்கு தண்டிக்கிறார்கள். இண்டஸ்இண்ட் பாங்கி 2025 மார்ச் 10-ந் தேதி, தனது கணக்கில் பிசகு இருப்பதாகவும், அதனால் நிகர மதிப்பில் நூற்றுக்கு 2.35 குறையலாமென்றும் தானே தெரிவித்தது. வரி போக அதன் தொகை சுமார் ரூ. 1,600 கோடி என்று கணக்கிடப்பட்டது. மறுநாள் பங்கு விலை நூற்றுக்கு 27 வீழ்ந்தது. பங்குகளின் மொத்த மதிப்பில் சுமார் ரூ. 19,000 கோடி மாயமாயிற்று. ரூ. 1,600 கோடிப் பிசகுக்கு ஏன் பன்னிரண்டு மடங்கு தண்டனை? பிசகிய தொகைக்கு மட்டும் சந்தை விலை போடவில்லை. 'இதுவே இப்படியென்றால் மற்ற பக்கங்கள் எப்படியோ?' என்ற சந்தேகத்துக்கும் சேர்த்து விலை போட்டது. அமெரிக்காவில் 1978 முதல் 2002 வரை கணக்கில் பொய் எழுதிப் பிடிபட்ட கம்பெனிகளை ஆராய்ந்த கார்ப்பாஃப் முதலியவர்களும் 2008-ல் இதையே கண்டார்கள். பொய்யால் ஏறிய ஒவ்வொரு டாலருக்கும், அந்த டாலரோடு மேலும் மூன்று டாலருக்கு மேல் கம்பெனிகள் இழந்தன. அந்த மூன்றில் அபராதம் சொற்பம். பெரும் பகுதி பெயர் கெட்டதால் வந்த நஷ்டம்.

ஹைதராபாத் சத்யம் கம்பெனியின் கதை அனைவரும் அறிந்ததே. ஆயினும் அதில் ஓர் அம்சம் போதுமான அளவு கவனிக்கப்படவில்லை என்பது நமது அபிப்பிராயம். 2009 ஜனவரி 7-ந் தேதி தலைவர் ராமலிங்க ராஜு தாமே கடிதம் எழுதி, கணக்கில் காட்டிய ரொக்கத்தில் ரூ. 5,040 கோடி இல்லவே இல்லை என்றும், ஒரு காலாண்டில் ரூ. 649 கோடி என்று காட்டிய லாபம் உண்மையில் ரூ. 61 கோடியே என்றும் ஒப்புக்கொண்டார். அன்று ஒரே நாளில் பங்கின் விலையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் பறிபோயிற்று. இது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அதற்கு மூன்று வாரம் முன்பு, 2008 டிசம்பர் 16-ந் தேதி, தம் குடும்பத்துக்குச் சம்பந்தப்பட்ட மேய்டாஸ் கம்பெனிகளைச் சத்யத்தின் பணத்தைக் கொண்டு வாங்குவதாக ராஜு அறிவித்தபோது, பெரிய முதலீட்டு ஸ்தாபனங்கள் ஒரே குரலில் எதிர்த்தன. அமெரிக்கச் சந்தையில் விலை பாதிக்கு மேல் சரிந்தது. சில மணி நேரத்துக்குள் யோசனை கைவிடப்பட்டது. இல்லாத ரொக்கத்தின் இடத்தில் உள்ள சொத்தைக் கொண்டுவந்து நிரப்புவதற்குத் தாம் செய்த கடைசி முயற்சி அதுவே என்று ராஜு பின்னர் தமது கடிதத்தில் எழுதினார். அந்த எதிர்ப்பு எழாதிருந்தால் பொய் இன்னும் எத்தனை நாள் நீடித்திருக்குமோ! ஐந்தொகையில் ஓட்டை இருப்பது அவர்களுக்குத் தெரியாது. பங்குதாரர்களின் பணம் குடும்பத்துக்குப் போகிறது என்பது தெரிந்தது, அது போதுமாயிருந்தது. ஆடிட்டர்கள் வருஷக்கணக்கில் செய்யாததைப் பங்குக்காரர்களின் ஒரு நாள் கூச்சல் செய்தது.

எல்லாக் கம்பெனியும் ஒன்றுபோல் அல்ல. ஓசூரிலேயே எதிரிடையான திருஷ்டாந்தம் இருக்கிறது. 2024 ஜூலை 23-ந் தேதி பட்ஜெட்டில் தங்கத்தின் இறக்குமதி வரியை நூற்றுக்கு 15-லிருந்து 6-ஆகக் குறைத்தார்கள். நகை வாங்குகிறவர்களுக்குக் கொண்டாட்டம். அதிக வரி கட்டித் தங்கம் வாங்கிக் கையிருப்பு வைத்திருந்த டைட்டன் கம்பெனிக்கு நஷ்டம். ஜூலை முதல் செப்டம்பர் வரையான காலாண்டில் இதனால் சுமார் ரூ. 290 கோடி போயிற்று என்று கம்பெனி தனியாகப் பிரித்துக் காட்டியது. லாபம் முன் வருஷத்தைவிட ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்தது. பங்கு விலையும் அப்போது இறங்கியது. நஷ்டத்தை நாலு காலாண்டுக்குப் பரப்பிச் சிறு சிறு துளியாகக் காட்டும் ஆசை எந்த நிர்வாகிக்கும் வரக்கூடியதே. வந்த காலாண்டிலேயே, காரணத்தையும் தொகையையும் சொல்லி எழுதினால் ஒரு நாள் விலை இறங்கும், அதோடு சரி. அடுத்த காலாண்டு எண்ணைச் சந்தேகமின்றிப் படிக்கலாம். அந்த டைட்டனில் நூற்றுக்கு 27-க்கு மேற்பட்ட பங்கு டிட்கோ நிறுவனத்தின் மூலம் தமிழ்நாட்டு சர்க்காருக்கு, அதாவது நமக்கு, உரியது என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறோம்.

தமிழர்கள் இந்தப் பாடத்தை முதல் முறையாகப் படிக்கவில்லை. சென்னையில் அர்பத்நாட் கம்பெனி 1906 அக்டோபர் 22-ந் தேதி கதவை மூடியபோது, பென்ஷன்காரர்களும் விதவைகளும் போட்ட பணம் முழுகியது. திவாலானதை மறைத்து டிபாஸிட்டு வாங்கிக்கொண்டே இருந்ததற்காக ஸர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறை சென்றார். மறு வருஷமே இந்தியன் பாங்கி பிறந்தது. அதே அக்டோபர் 16-ந் தேதிதான் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி, ரூ. 25 வீதம் 40,000 பங்குகள் என்ற திட்டத்தோடு, பதிவு செய்யப்பட்டது. வெள்ளைக்காரக் கம்பெனியின் பெயரை நம்பியவர்களும், தேசாபிமானத்தால் பங்கு வாங்கியவர்களும் அந்த ஒரே மாதத்தில் இருந்தார்கள். இரண்டாவது கூட்டத்தார் நஷ்டத்தை அறிந்தே ஏற்றார்கள், அது தியாகம். இன்று மின்சார வண்டிக் கம்பெனிகளும் 'சுதேசித் தொழில்' என்ற பெயரால் ஜனங்களை அழைக்கின்றன. உள்நாட்டிலேயே பாட்டரியும் மோட்டாரும் செய்ய வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு அபிப்பிராயமில்லை. ஆனால் தியாகம் செய்யக் கூப்பிடுவதானால் அப்படிச் சொல்லிக் கூப்பிட வேண்டும். லாபத்துக்குக் கூப்பிடுவதானால் கணக்கைக் காட்ட வேண்டும்.

கணக்கைக் காட்டுவது எந்தப் பாஷையில்? இதுதான் எல்லை வட்டாரத்துக்கே உரிய விசித்திரம். கம்பெனியின் காலாண்டுக் கணக்கை ஓர் இங்கிலீஷ் தினசரியிலும், அதன் பதிவு ஆபீஸ் உள்ள பிரதேசத்தின் பாஷைத் தினசரி ஒன்றிலும் வெளியிட வேண்டும் என்பது செபியின் விதி. டைட்டனின் பதிவு ஆபீஸ் ஓசூர் சிப்காட்டில். ஆகையால் அதன் கணக்கு தமிழில் வர வேண்டும். ஓலாவுக்கும் ஏதருக்கும் பதிவு ஆபீஸ் பெங்களூரில். ஆகையால் கன்னடத்தில் வந்தால் போதும். போச்சம்பள்ளியில் நிலம், போச்சம்பள்ளியில் யந்திரம், போச்சம்பள்ளிச் சுற்று வட்டாரத்துப் பெண்களின் உழைப்பு. கணக்கு மட்டும் அத்திப்பள்ளிக்கு அப்பால் உள்ளவர்கள் படிக்க! கன்னடியர்பால் நமக்கு வருத்தம் ஏதுமில்லை. அவர்களும் படிக்க வேண்டியதே. தொழிற்சாலை இருக்கும் ஊரின் பாஷையை விதி ஏன் மறந்தது என்பதே நமது கேள்வி. 2024 டிசம்பரில் இந்த விதியும் தளர்ந்து, முழு விவரத்துக்குப் பதிலாக இணைய முகவரியையும் கைபேசியால் படிக்கும் கட்டக் குறியையும் அச்சிட்டால் போதும் என்றாகிவிட்டது. அந்தக் குறி திறந்து காட்டும் அறிக்கை பெரும்பாலும் இங்கிலீஷில் இருப்பதைச் சொல்ல வேண்டுமா?

செபியார் செய்யக்கூடியது ஒன்று உடனே இருக்கிறது. மாதாந்தர விற்பனை அறிக்கையை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டப்படி எழுதுகிறது. ஒருவர் டீலருக்கு அனுப்பியதை விற்பனை என்கிறார். ஒருவர் பதிவானதை என்கிறார். ஒருவர் ஆர்டரையே என்கிறார். வந்த ஆர்டர், டீலருக்கு அனுப்பியது, வாங்கியவரிடம் பட்டுவாடா ஆனது என்று மூன்று பத்திகளில் எழுத வேண்டும் என்று ஒரே நமூனாவை விதித்துவிட்டால், 25,000-மும் 8,600-ம் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். இலாகாக்கள் கடிதம் எழுதி விளக்கம் கேட்க வேண்டியிராது. உத்தரவாதத்துக்கு ஒதுக்கிய தொகையையும், முன் வருஷம் ஒதுக்கியது போதுமானதாயிற்றா என்பதையும் காலாண்டுதோறும் காட்டச் சொல்லலாம். வருஷாந்தர அறிக்கையில் எங்கோ ஒரு குறிப்பில் இன்றும் அது வருகிறது. வருஷம் முடிந்த பிறகு.

தமிழ்நாட்டு சர்க்கார் செய்யக்கூடியதும் இருக்கிறது; அதற்கு டில்லியைக் கேட்க வேண்டியதில்லை. கிருஷ்ணகிரி ஜில்லாவில் தொழிற்சாலை வைக்க வருகிறவர்களோடு சர்க்கார் ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள். நிலமும் சலுகையும் தருகிறார்கள். இத்தனை பேருக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று எழுதி வாங்குகிறார்கள். அந்த ஒப்பந்தத்தில் இன்னொரு ஷரத்தும் சேர்க்கலாம். பங்குச் சந்தையில் இடம்பெற்ற கம்பெனியானால், காலாண்டுக் கணக்கின் சுருக்கத்தை, ரொக்க வரவு செலவோடு, தமிழில் அச்சிட்டுத் தொழிற்சாலை வாசலில் ஒட்ட வேண்டும். அச்சுக் கூலி அதிகம் ஆகாது.